அரணும் அரிசியும்

சாந்த்ராகாச்சியில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்குப் புகைவண்டியின் ஓசை தாலாட்டுப் போன்றது. சென்னைக்குச் செல்லும் வண்டியும் சென்னையிலிருந்து வரும் வண்டியும் நம் வீட்டுச் சன்னல்களை அதிரச் செய்தே கடந்து செல்கின்றன. ஊருக்குப் போகும் நாளை எண்ணிக் காத்திருக்கும் நமக்கு இந்த இருப்புப் பாதை ஓர் உறவுப் பாதை. ஆயினும், இதே பாதை ஒரு காலத்தில் போர்ப் பாதையாகவும், ஏதிலியர் பாதையாகவும், பசித்தோர் பாதையாகவும் விளங்கிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

வள்ளுவப் பெருந்தகை அரணுக்கென்று தனியோர் அதிகாரம் வகுத்தார். பகைவர் கைப்பற்ற இயலாத வன்மை வேண்டும். உள்ளிருப்போர்க்குப் போதிய உணவு வேண்டும். அவர்கள் இடரின்றி நிலைத்து வாழவும் வேண்டும் என்பது அவர் காட்டும் இலக்கணத்தின் ஒரு பகுதி. மதிலைப் பற்றிப் பேசும்போதே சோற்றைப் பற்றியும் பேசிய அவரது நுண்மை வியக்கத் தக்கது. வங்கக் கடலைச் சுற்றி ஆங்கிலேயர் இருநூறு ஆண்டு கட்டி வளர்த்த பாதுகாப்பு ஏற்பாட்டை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அரண் இருந்தது, அரிசி இருந்ததா? இதுவே நம் வினா.

சென்னையிலிருந்து வந்த படை

நாம் வேலை தேடி வங்கம் வந்தோம். நமக்கு முன்னரே நம் நாட்டார் வேலும் துப்பாக்கியும் ஏந்தி இவ்விடம் வந்திருக்கின்றனர். 1746 செப்டம்பரில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1748இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அது மறு ஆண்டு ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. கடலில் வலிமை குன்றினால் கரையில் கோட்டை நிலைக்காது என்ற பாடத்தைக் கும்பினியார் அன்றே கற்றுக்கொண்டனர்.

பத்து ஆண்டு கழித்து, 1756 ஜூனில், வங்க நவாபு சிராஜ் உத்தௌலா கல்கத்தாவைப் பிடித்துக்கொண்டார். அச்செய்தி சென்னையை எட்டியதும் ஆங்கிலேயர் நீண்ட நேரம் தம்முள் வாதிட்டனர். பிரெஞ்சுக்காரர் மீண்டும் சென்னையைத் தாக்கக் கூடுமாகையால், படையை வெளியே அனுப்புவது தகுமா என்பதே கேள்வி. இறுதியில் அக்டோபர் மாதத்தில் கிளைவின் தலைமையில் தரைப்படையும், வாட்சனின் தலைமையில் கப்பற்படையும் புறப்பட்டன. அப்படையில் ஏறத்தாழ 900 ஐரோப்பியரும், அவர்களினும் மிகுதியாக, ஏறத்தாழ 1,500 தென்னாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். தென்னாட்டிலிருந்து வந்தவர்களை வங்காளிகள் ‘தெலிங்கா’ என்று அழைத்தனர். 1757 ஜனவரி 2ஆம் நாள் கல்கத்தா மீட்கப்பட்டது. ஜூன் 23இல் பிளாசிப் போர் நிகழ்ந்தது. சென்னையின் சிப்பாய் வங்கத்தின் விதியை மாற்ற உதவினான். அவன் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

பின்னர்ப் புதிய வில்லியம் கோட்டை எழுந்தது. பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்காகக் கோட்டையைச் சுற்றி விடப்பட்ட வெட்டவெளியே நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுடன் உலவும் மைதானம். நமக்கு அண்மையிலுள்ள சிப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கும் போருடன் தொடர்பு உண்டு. 1787இல் அதனை நிறுவிய ராபர்ட் கிட் ஒரு படை அதிகாரி. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும் என்பது கும்பினியின் கருத்து. பஞ்சக் காலத்தில் மக்களுக்கு உணவாகும் மரங்களையும் வளர்க்க வேண்டும் என்பது கிட் அவர்களின் கருத்து. கப்பலும் சோறும் அந்த ஒரு தோட்டத்தில் அருகருகே வேரூன்ற முயன்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறந்த காலத்தில் என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கடலே மதில்

நாடு முழுதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அவர்களுடைய பாதுகாப்புக் கொள்கை ஒரு தெளிந்த வடிவம் பெற்றது. இந்தியாவின் வடமேற்கு மலைவாயிலைத் தரைப்படை காக்கும். மூன்று புறமும் உள்ள கடலைக் கப்பற்படை காக்கும். 1795இல் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைப் பெற்றது இக்கருத்தினால்தான். பருவக் காற்றுக்கு அஞ்சாமல் பெருங்கப்பல்கள் தங்கக்கூடிய அத்தகைய இயற்கைத் துறைமுகம் சோழமண்டலக் கரையில் வேறு இல்லை. திருகோணமலை கையில் இருந்தால் வங்கக் கடல் தம் குளம் போன்றதாகும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அக்கணக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிழைபடவில்லை.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் அந்த மதிலில் ஒரு சிறு விரிசல் கண்டது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைக் கரையை நெருங்கி வந்து, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. துறைமுகத்தின் அருகிலிருந்த பர்மா எண்ணெய்க் கும்பினியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிர்ச்சேதம் சிலவே, அச்சமோ அளவிறந்தது. மக்கள் நகரை விட்டு ஓடினர். நவம்பர் 9இல் கொக்கோசுத் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ எம்டனை வீழ்த்தியது. எனினும் அதன் பெயர் தமிழில் நிலைத்துவிட்டது. சூழ்ச்சித் திறம் மிக்க ஒருவரை “அவன் பெரிய எம்டன்” என்று நம் பாட்டிமார் சொல்வதை நாம் கேட்டதில்லையா? ஒற்றைக் கப்பல் ஒரு மொழிக்குச் சொல் ஒன்றைத் தந்து சென்றது. கடல் மதில் முழு மதில் அன்று என்ற எச்சரிக்கையையும் தந்தது. சொல்லை நாம் ஏற்றுக்கொண்டோம்; எச்சரிக்கையை ஆள்வோர் ஏற்றுக்கொண்டாரில்லை.

சிங்கப்பூர் என்னும் நம்பிக்கை

போர் முடிந்த 1919இல் இலண்டன் அரசு ஒரு விதி வகுத்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பெரும்போர் எதுவும் வாராது என்று கொண்டு, படைச்செலவைத் திட்டமிட வேண்டும் என்பது அவ்விதி. போரினால் கடன்பட்ட நாட்டுக்கு அது சிக்கனமாகவே தோன்றியிருக்கும். 1932இல்தான் அவ்விதி கைவிடப்பட்டது. இதனிடையே 1921இல் சிங்கப்பூரில் ஒரு பெரிய கப்பற்படைத் தளம் அமைக்க முடிவாயிற்று. கப்பல்கள் எப்போதும் ஐரோப்பாவிலேயே இருக்கும். கிழக்கில் ஆபத்து நேர்ந்தால் விரைந்து வந்து சிங்கப்பூரில் சேரும் என்பது திட்டம். வீட்டைக் கட்டிவிட்டு, காவலனை வெளியூரில் வைத்த கதைதான் இது. கப்பல்கள் வந்து சேர 42 நாள் என்று முதலில் போட்ட கணக்கு, 1939இல் 180 நாளாக நீண்டது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஒரே காலத்தில் போர் மூண்டால் என் செய்வது என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் விடை இல்லை.

அந்நாளும் வந்தது. 1941 டிசம்பர் 10ஆம் நாள் ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மலேயாக் கடலில் மூழ்கடித்தன. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் பணிந்தது. மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. அம்மாத இறுதிக்குள் அந்தமானும் பறிபோயிற்று. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் எதிர்க்கரை முழுதும் பகைவர் வசமாயிற்று.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது. அதன் தெற்கே, மட்டக்களப்புக் கடலில் ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் 300க்கு மேற்பட்ட வீரருடன் மூழ்கிற்று. அதே வாரத்தில் வங்கக் கடலில் இருபதுக்கு மேற்பட்ட வாணிகக் கப்பல்கள் அழிந்தன. எஞ்சிய ஆங்கிலக் கப்பற்படையின் ஒரு பெரும் பகுதி ஆப்பிரிக்கக் கரைக்கு விலகிச் சென்றது. குளம் என்று கருதிய கடல், காப்பாரின்றித் திறந்து கிடந்தது.

அந்த ஏப்ரலில் சென்னை பட்ட பாட்டை நம் குடும்பங்களில் பலர் வழிவழியாகக் கேட்டிருக்கலாம். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் கிராமங்களுக்கு விரைந்தனர். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தீங்கு நேருமென்று அஞ்சி, விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. சென்னை காலியாயிற்று, பகைவரோ அப்போது வரவில்லை.

பர்மாவிலிருந்த நம்மவர் நிலை இதனினும் கொடியது. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் மலைகளையும் காடுகளையும் கடந்து கால்நடையாகத் தாய்நாடு நோக்கி வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் எண்ணிறந்தோர். வட்டித் தொழில் செய்த செட்டிமாரும், துறைமுகத்தில் மூட்டை சுமந்த கூலியாட்களும் அவ்வழியில் ஒன்றாக நடந்தனர். அஸ்ஸாம் வழியாகக் கல்கத்தா வந்து சேர்ந்த தமிழர்க்கு ஊர் செல்லும் வழி ஹௌராவிலிருந்து சென்னை செல்லும் நம் பாதையே. சாந்த்ராகாச்சியைக் கடக்கும்போது அவர்கள் சன்னல் வழியே என்ன கண்டனரோ, என்ன எண்ணினரோ, நாம் அறியோம்.

மறுப்புக் கொள்கை

ஜப்பானியர் அடுத்து வங்கக் கரையில் இறங்குவர் என்று ஆள்வோர் அஞ்சினர். அந்த அச்சம் பொய்யன்று என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். மலேயாவில் அவர்கள் கையில் கிடைத்த படகுகளைக் கொண்டே கரையோரமாகச் சென்று ஆங்கிலப் படையின் பின்புறத்தில் இறங்கியிருந்தனர். ஆகவே, பகைவன் கையில் எதுவும் சிக்கலாகாது என்ற ‘மறுப்புக் கொள்கை’ 1942இல் வங்கத்தின் கடலோர மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு இரு கைகள். ஒன்று அரிசி மறுப்பு. மேதினிப்பூர், குல்னா, பாகர்கஞ்சு முதலிய மாவட்டங்களில் மிகை என்று கருதப்பட்ட நெல்லும் அரிசியும் வாங்கி அகற்றப்பட்டன. மற்றொன்று படகு மறுப்பு. பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏறக்கூடிய படகுகளை ஒப்படைக்கவோ அழிக்கவோ ஆணை பிறந்தது. பதிவான சுமார் 66,500 படகுகளில் ஏறத்தாழ 46,000 அவ்வாண்டு முடிவதற்குள் மக்கள் கையை விட்டுப் போயின. வங்கத்தின் தென்பகுதியை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். அங்கே ஆறே தெரு, படகே வண்டி. மீனவன் வலை வீசுவதும், உழவன் ஆற்றிடைத் திட்டில் பயிரிடுவதும், குயவன் பானையைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், ஓரூர் அரிசி அடுத்த ஊர் செல்வதும் படகினால்தான். பகைவன் கைக்கு எட்டாதபடி செய்ய முயன்றது, சொந்த மக்கள் வாய்க்கு எட்டாதபடி ஆயிற்று.

அதன்மேல் இயற்கையும் சீறிற்று. 1942 அக்டோபர் 16ஆம் நாள் மேதினிப்பூர்க் கரையைப் பெரும்புயல் தாக்கியது. ஏறத்தாழ 14,500 பேர் மாண்டனர். பயிரும் கால்நடையும் அழிந்தன. பர்மா அரிசியின் வரவு முன்னரே நின்றுவிட்டது. போர்ச்செலவுக்காக அச்சடிக்கப்பட்ட நோட்டுகள் விலைவாசியை ஏற்றிவிட்டன. இதன் இயக்கத்தைச் சற்று விளக்குதல் நன்று. ஆங்கில அரசு இந்தியாவில் வாங்கிய போர்ப் பொருள்களுக்கும், இந்தியப் படையின் வெளிநாட்டுச் செலவுக்கும் உரிய தொகையை இலண்டனில் கடனாகக் கணக்கு வைத்தது. அக்கணக்கை ஈடாகக் கொண்டு இங்கே ரூபாய் நோட்டுகள் வெளியிடப்பட்டன. நோட்டு பெருகிற்று, சரக்கோ பெருகவில்லை. படைக்கும் ஆலைக்கும் வேலை செய்தோர் கையில் பணம் சேர்ந்தது. கிராமத்துக் கூலியாளுக்கோ கூலி ஏறவில்லை. அரிசி விலை மட்டும் ஏறிற்று. கூலியாளும் மீனவனும் சந்தையில் தோற்றனர். உணவு மொத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதைவிட, அதை வாங்கும் ஆற்றல் எவர்க்கு இருந்தது என்பதே பஞ்சத்தின் திறவுகோல் என்று அமார்த்திய சென் 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இலண்டன் போர் அமைச்சரவை அவ்வாண்டில் வேறொரு முடிவும் செய்தது. 1943 ஜனவரியில் இந்துமாக்கடலில் ஓடிய வாணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை அட்லாண்டிக் போர்முனைக்குத் திருப்பப்பட்டன. வங்கத்துக்குத் தானியம் அனுப்பக் கப்பல் கேட்டு இந்திய அரசு விடுத்த வேண்டுகோள்களுக்குக் கேட்ட அளவில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. 1943இன் கோடையில் மக்கள் வீழத் தொடங்கினர். அக்டோபரில் அரசப் பிரதிநிதியாகப் பதவியேற்ற வேவல், கல்கத்தாவை நேரில் கண்டபின் படையினரை உணவுப் பணியில் இறக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மாண்டோர் 15 லட்சம் என்று அரசின் விசாரணைக் குழு கூறிற்று. பின்னாள் ஆய்வாளர் பலர் அதனை 30 லட்சம் வரை மதிப்பிடுகின்றனர். கிழக்கு வாயிலைக் காக்க நின்ற நாட்டில், பகைவன் குண்டால் மாண்டோர் சில நூறு பேர். காவலின் நிழலில் பசியால் மாண்டோர் பல லட்சம் பேர்.

நம் வீட்டு அரிசி

இங்கேதான் வரலாறு நம் காலனியின் வாயிற்படியில் வந்து நிற்கிறது.

வங்காள–நாகபுரி இருப்புப்பாதைக் கும்பினி 1887இல் தோன்றியது. அதன் பாதை 1900இல் ஹௌராவை எட்டியது. 1944 அக்டோபரில் அதனை அரசே ஏற்றுக்கொண்டது. இப்பாதையில் பணியாற்றத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தோர் பலர். போர்க் காலத்தில் அதன் முக்கியம் பன்மடங்கு பெருகியது. கரக்பூரைச் சுற்றிலும் சாக்குலியா, பியர்டோபா, துத்குண்டி முதலிய இடங்களில் விமானத் தளங்கள் எழுந்தன. 1944இல் அமெரிக்கரின் மிகப் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து புறப்பட்டுப் பாங்காக்கையும், சீனத் தளங்களின் வழியாக ஜப்பானையும் தாக்கின. அவற்றின் தலைமையிடம் ஹிஜ்லிச் சிறைக் கட்டடம். விடுதலை வீரர்கள் அடைபட்டுக் கிடந்த அதே கட்டடத்தில் 1951இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் தொடங்கியது காலத்தின் விந்தை.

குண்டுகளும் நம் அருகில் விழாமல் இல்லை. 1942 டிசம்பர் 20 இரவு கல்கத்தாவின்மேல் முதல் தாக்குதல் நிகழ்ந்தது. ஹௌரா நிலையத்தை லட்சக்கணக்கானோர் மொய்த்தனர். நகரின் நடுவேயுள்ள செஞ்சாலை போர் விமானங்கள் ஏறி இறங்கும் ஓடுதளமாயிற்று. 26,500 டன் எஃகால் ஆன ஹௌராப் பாலம் 1943 பிப்ரவரியில் கொண்டாட்டம் ஏதுமின்றித் திறக்கப்பட்டது. 1943 டிசம்பர் 5இல் பட்டப்பகலில் கிதிர்ப்பூர்த் துறைமுகம் தாக்கப்பட்டு நூற்றுக்கணக்கான தொழிலாளர் மாண்டனர். அத்துறைமுகத்துக்கு அண்மையிலேதான் நம் இருப்புப்பாதையின் தலைமை அலுவலகமாகிய கார்டன் ரீச் உள்ளது. அந்நாள்களிலும் வண்டிகள் ஓடின. ஓட்டியோரில் நம்மவரும் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை.

ஆனால் பெருமையோடு சேர்த்து ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். போர் முயற்சிக்கு இன்றியமையாதோர் என்று அரசு சிலரைப் பிரித்து வைத்தது. ஆலைத் தொழிலாளர், துறைமுகத்தார், அரசு ஊழியர், இருப்புப்பாதை ஊழியர் ஆகியோர்க்கு உணவில் முன்னுரிமை உண்டு. இருப்புப்பாதை ஊழியர்க்கெனத் தனியே தானியக் கடைகள் நடந்தன. வெளிச்சந்தையில் எட்டாத விலைக்கு விற்ற அரிசி அங்கே குறைந்த விலைக்குக் கிடைத்தது. வரிசையில் நின்று அட்டையைக் காட்டி அரிசி வாங்கி வந்த குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அதே வேளையில் மேதினிப்பூரிலிருந்து பயணச்சீட்டின்றி வண்டியேறியும் நடந்தும் ஹௌரா வந்தவர்கள் வீடுவீடாகச் சென்று, சோறு கேட்கவும் துணியாமல், வடித்த கஞ்சி நீரை மட்டும் வேண்டினர். ‘ஃபேன் தாவ்’ என்ற அக்குரலை வங்கம் இன்றும் மறக்கவில்லை.

நம் முன்னோர் எவர் சோற்றையும் பறித்தாரில்லை. உழைத்தனர், உழைப்புக்குரிய பங்கைப் பெற்றனர். கஞ்சி நீரோடு சோற்றையும் சேர்த்து ஊற்றிய தாய்மார்களும் இருந்திருப்பர். ஆயினும் அரணுக்கு உள்ளே இருந்தோர் யார், வெளியே நிறுத்தப்பட்டோர் யார் என்று கேட்டால், நாம் உள்ளே இருந்தோம் என்றே விடை கூற வேண்டும். கோட்டைக்குக் கோடு கிழித்தவர் இலண்டனிலும் தில்லியிலும் இருந்தனர். அக்கோட்டின் இப்புறத்தில் நம் அடுப்பு எரிந்தது. இதனை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது.

மற்றோர் இருப்புப் பாதை

கோட்டுக்கு அப்புறம் நின்ற தமிழரும் உளர். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதை ஒன்று அமைத்தனர். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் ஆசை காட்டியும் வலிந்தும் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களை மாய்த்தன. மாண்ட வெள்ளைப் போர்க் கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு, பெயர்கள் உண்டு. மாண்ட தமிழரில் மிகப் பலர்க்கு இரண்டும் இல்லை. இங்கே ஒரு தமிழன் தண்டவாளத்தினால் உணவு பெற்றான். அங்கே ஒரு தமிழன் தண்டவாளத்துக்கு உணவானான்.

அதே மலேயாவில், சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் நேதாஜியின் அழைப்பை ஏற்று, 1943இல் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். அதில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் பெண்கள் பலர் தமிழ் மகளிர். மறுபுறத்தில், 1944இல் இம்பாலிலும் கோகிமாவிலும் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்திய படையிலும் பெரும்பாலோர் இந்தியரே. சென்னைச் சாப்பர் படையினர் பர்மாவில் பாலங்கள் அமைத்தனர். எதிரெதிர் அணிகளில் நின்ற இவ்விரு திறத்தாரும் தாய்நாட்டைக் காப்பதாகவே எண்ணினர் என்பதை இன்று நாம் அமைதியோடு உணர முடிகிறது.

சூயசுக்குக் கிழக்கே

1947இல் இந்தியா விடுதலை பெற்றதும் ஆங்கிலேயரின் கிழக்குப் பாதுகாப்புக்கு முதுகெலும்பாக இருந்த இந்தியப் படை அவர்கள் கையை விட்டுப் போயிற்று. இலங்கையோடு அவ்வாண்டு செய்துகொண்ட உடன்படிக்கையால் திருகோணமலை மட்டும் பத்து ஆண்டு நிலைத்தது; 1957இல் அதுவும் இலங்கைக்குத் திரும்பியது. பணமுடை நெருக்கிய 1968 ஜனவரியில், சூயசுக்குக் கிழக்கேயுள்ள தளங்களை 1971 முடிவதற்குள் விட்டு நீங்குவதாகப் பிரதமர் வில்சன் அறிவித்தார்.

நீங்கினரா? முழுமையும் இல்லை. 1965இல் மொரீசியசிலிருந்து சாகோசுத் தீவுகளைப் பிரித்துத் தனி ஆட்சிப்பகுதியாக்கினர். அதிலுள்ள தியேகோ கார்சியா, அமெரிக்கரின் தளமாயிற்று. 1968 முதல் 1973 வரை அத்தீவுகளின் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். உலகப் பாதுகாப்பு என்ற பெயரால் ஒரு சிறு மக்கட்கூட்டத்தின் அடுப்பு அணைக்கப்பட்டது. பிரிவினை முறையன்று என்று 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தது. 2025 மே 22இல் தீவுகளின் உரிமையை மொரீசியசுக்கு அளித்து, தளத்தை 99 ஆண்டுக் குத்தகையில் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அத்தளத்திலும் தமிழ்க் குரல் கேட்டது. 2021 அக்டோபரில் கடலில் இடருற்ற இலங்கைத் தமிழர் படகொன்று தியேகோ கார்சியாவில் கரை சேர்ந்தது. குழந்தைகள் உட்பட அவர்கள் மூன்றாண்டு கம்பி வேலிக்குள் கூடாரங்களில் வாழ்ந்தனர். 2024 டிசம்பரில் அவர்களுள் பெரும்பாலோர் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களை அடைத்து வைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று அம்மாதமே தீர்ப்பும் வந்தது. வலிமை மிக்க அரண் ஒன்றினுள் அவர்கள் இருந்தனர். ஆனால் அது அவர்களுக்கான அரண் அன்று.

இன்று பழைய பகைகள் மாறிவிட்டன. வில்லியம் கோட்டை நம் கிழக்குப் படையின் தலைமையிடம். அதற்கு இப்போது விஜய துர்க்கம் என்று பெயர். 1941இல் மூழ்கிய ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’ என்ற பெயரையே தாங்கிய புதிய ஆங்கில விமானந்தாங்கிக் கப்பல், 2025இல் இந்தியக் கடற்படையுடன் நட்புமுறையில் பயிற்சி செய்தது. திருகோணமலையில் ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தொட்டிகளில் எஞ்சிய 99ஐப் பயன்படுத்த இந்தியாவும் இலங்கையும் 2022 ஜனவரியில் உடன்பாடு கண்டன. ஆயினும், ஐரோப்பாவில் போர் மூண்டிருக்கும் இந்நாளில் 2025இல் வெளியான ஆங்கிலப் பாதுகாப்பு ஆய்வு, தன் முதற்கவனம் ஐரோப்பாவே என்கிறது. 1921இல் விடை காணாத அதே பழைய கேள்வி மீண்டும் எழுகிறது: இரண்டிடத்தில் தீப்பற்றினால் நீர்க்குடம் எங்கே செல்லும்?

முடிவுரை

வள்ளுவரின் அளவுகோலைக் கையில் எடுப்போம். ஆங்கிலேயர் கட்டிய அரண் நெடுங்காலம் பகைவர்க்கு அரியதாய் இருந்தது; ஒருமுறை வீழ்ந்தாலும் மீண்டும் நிமிர்ந்தது. முதல் இலக்கணத்தில் அது பெரும்பகுதி தேறிற்று. உள்ளிருப்போர்க்கு உணவு என்ற இலக்கணத்தில் தேறவில்லை. ஏனெனில், உள்ளிருப்போர் என்று அது எல்லாரையும் எண்ணவில்லை. இது ஆங்கிலேயர்க்கு மட்டும் உரிய குற்றமன்று. பாதுகாப்பைப் பற்றி முடிவு செய்யும் எந்த அரசுக்கும், நம் அரசு உட்பட, உரிய எச்சரிக்கையாகும். தளம் அமையும்போது எவர் நிலம் போகிறது, கடல் மூடப்படும்போது எந்த மீனவன் படகு நிற்கிறது, விலை ஏறும்போது எவர் சந்தையில் தோற்கிறார் என்று கேட்பது நாட்டுப்பற்றுக்கு மாறானதன்று. நாட்டுப்பற்றின் ஒரு பகுதியே அது.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். 1943இல் சிறுவராய் இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்கள் கண்டதும், தம் பெற்றோரிடம் கேட்டதும் எழுத்தில் ஏறாவிடில் நம்மோடு மறையும். பழைய தானிய அட்டை, பணிச்சீட்டு, பர்மாவிலிருந்து நடந்து வந்த தாத்தாவின் கடிதம் எவையேனும் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அவற்றைப் போற்றி வையுங்கள். வரும் ஆண்டு மலரில் வெளியிடுவோம். அண்டை வீட்டு வங்காள முதியோரிடமும் அந்நாள்களைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். கோட்டின் இப்புறத்துக் கதையும் அப்புறத்துக் கதையும் ஒன்றாய்ச் சேர்ந்தால்தான் அது நம் ஊரின் வரலாறாகும்.

ஆண்டு விழாவில் நாம் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம். இலையில் சோறு விழும் அந்நேரம், கஞ்சி நீர் கேட்டு இவ்வழியே சென்றோரை ஒரு கணம் நினைப்போமாக. வாழ்வு தந்த வங்கம் வாழ்க! தமிழ் வளர்க!